நெகுலாய் வண்டி ஏறுவதற்கு முன்

நெகுலாய் என் சித்தி மகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஊரில் என்னைப் பற்றிப் பலதும் பேசினார்கள். சொந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். சொந்த ரத்தம் என்பது உண்மை. காட்டிக்கொடுத்ததும் உண்மைதான்.

ருமேனியாவிலிருந்து நாங்கள் பிழைக்க வந்த காஸ்தெயோனில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம், மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு வாடகை வீடு. ஒப்பந்தத்தில் இருப்பது ஸ்டெலியானா என்ற என் பெயர். இரண்டு அறைகளில் ஒன்றில் நான். இன்னொன்றில் நெகுலாயும் அவன் மனைவி ரைசாவும். அவனுக்கு ஓட்டுத் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை. ரைசாவும் நானும் ஆரஞ்சுக் கிடங்கில் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பழம் பிரிப்போம்.

ரைசா ப்ரூட் ஆற்றுக்கு அக்கரைக்காரி, மால்டோவா. பேசுவது எங்கள் பாஷைதான். அக்கரைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கரையும் ருமேனியாவாக இருந்த காலத்துத் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ருமேனிய பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள். ரைசாவின் தாத்தா யுத்தம் முடிந்த பிறகு ரஷ்யாவில் எங்கிருந்தோ மால்டோவாவுக்கு வந்து குடியேறியவர். அதனால் அவளுக்கு அந்த வழி இல்லை. அவளிடம் இருந்தது ஒரு கார்டு. ஐரோப்பியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்று அதில் அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் இங்கே இருந்து முடித்துவிட்டால் அப்புறம் நிரந்தர உரிமை, யார் தயவும் வேண்டாம். அந்த அக்டோபரில் அவளுக்கு நாலு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

"உன் புருஷன் தும்மினா உன் கார்டு பறந்துடும்டி ரஷ்யக்காரி" என்று கிடங்கில் துதோரா கேலி செய்வாள்.

"அதான் தினமும் பூண்டு போட்டு சமைக்கிறேன். தும்மவே மாட்டார்" என்பாள் ரைசா.

நெகுலாய் குடிக்க மாட்டான். குரல் உயர்த்த மாட்டான். கை நீட்டினான் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பான், மணி நேரம் உட்பட. ரைசாவின் கார்டு அவன் தோள்பையில்தான் இருக்கும். "அவ தொலைச்சிடுவா" என்பான். வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துக் கொடுப்பான், திரும்பி வந்ததும் கை நீட்டுவான், அவள் கொடுத்துவிடுவாள். ரொம்ப நாள் இதை நான் அக்கறை என்றே நினைத்தேன்.

ஆகஸ்டில் அக்லாயா சித்திக்கு, அதாவது அவன் அம்மாவுக்கு, வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். சித்தி ஊரில் தனிக்கட்டை. ரைசா போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான் நெகுலாய்.

"ரெண்டு மாசம் போறேன். மூணு மாசம்கூட இருக்கேன்" என்றாள் ரைசா. "ஆனா ஒரேயடியா அங்கயே இருக்க மாட்டேன். இங்க அஞ்சு வருஷத்தை முடிக்கணும். எனக்குன்னு ஒண்ணு வேணும் இல்லையா?"

"சரி" என்றான். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில் எனக்கு அன்றைக்கே ஏதோ உறுத்தியது.

அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை. ரைசா கடைக்குப் போயிருந்தாள். நெகுலாய் சமையலறைக்கு வந்து, நான் கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். பதினேழாம் தேதி ஊருக்குக் கிளம்பறேன். ஒரேயடியா."

"ரைசா?"

"அவளுக்குத் தெரியாது. தெரிய வேணாம்." தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "என் பதிவை ரத்து பண்ணச் சொல்லி போலீஸ் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். நான் இங்க இல்லேன்னா அவ கார்டு வெறும் பிளாஸ்டிக். ரெண்டு மாசத்துல கடுதாசி வரும். கிடங்குல நிறுத்துவாங்க. அப்புறம் எங்க போவா?"

"எங்க போவா?"

"எங்கிட்டதான். அம்மாவைப் பார்த்துக்க. நான் அடிக்கல, திட்டல, இழுத்துட்டுப் போகல. அவளாவே வருவா. இது சுத்தமா இல்ல?"

ரைசாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த பத்து நாளும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. என் அம்மா செத்தபோது எனக்கு ஏழு வயது. என்னைக் குளிப்பாட்டித் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியது அக்லாயா சித்தி. அந்தச் சித்தி இப்போது தானே புரண்டு படுக்கமுடியாமல் கிடக்கிறாள். யாராவது போக வேண்டும்தானே என்று ஒரு மனசு சொன்னது. யாராவது என்றால் ஏன் ரைசா என்று இன்னொரு மனசு கேட்டது. முதல் மனசைக் கேட்பது சுலபமாக இருந்தது. பெல்ட்டில் எதிரே நின்று அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினாலாம் தேதி கிடங்குக்குச் சோதனை வந்தது. தொழிலாளர் துறை அதிகாரிகள் இருவர், போலீஸ்காரர்கள் மூவர். பெல்ட்டை நிறுத்தச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் காகிதம் கேட்டார்கள். பெட்டி ஒட்டும் இடத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் இருந்தது வேறொருத்தியின் கார்டு. அவளை ஏப்ரனோடு அழைத்துப் போனார்கள். வாசலில் ஏப்ரனைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் வாங்கவில்லை.

ரைசா தன் கார்டை மேல்சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "நல்லவேளை அக்கா, எனக்கு இது இருக்கு" என்றாள்.

ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு முன் நானும் இங்கே மூன்று வருஷம் காகிதம் இல்லாமல் இருந்தவள். சீருடை போட்ட தபால்காரனைக் கண்டால்கூடத் தெருவின் மறுபக்கம் போவேன். என் அப்பா சாவுக்குப் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. இரண்டாயிரத்து ஏழு ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் படுக்கையிலிருந்து எழுந்தபோது நான் சட்டப்படி இருக்கிறவள் ஆகியிருந்தேன். என் பங்குக்கு நான் எதுவும் செய்யவில்லை. எங்கோ யாரோ போட்ட கையெழுத்து. அப்படித்தான் இவளுக்கும், யாரோ போடும் ஒரு கையெழுத்தில் எல்லாம் போகப் போகிறது.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் ரைசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. கையில் இருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"பத்து நாளா."

உரித்த பழத்தை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனோம். அங்கே புதன்கிழமைகளில் எம்பார் என்றொரு வக்கீலம்மா உட்காருவாள். இந்த ஊர்க்காரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"கை வெச்சிருக்கானா?"

"இல்ல" என்றாள் ரைசா.

"மிரட்டல்?"

"குரலே உசத்த மாட்டார்."

எம்பார் கண்ணைத் திறந்தாள். "அப்போ ஒரே ஒரு வழிதான் இருக்கு. விவாகரத்து மனு. கல்யாணம் ஆகி மூணு வருஷம் தாண்டிடுச்சு, இங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்கே. அதனால விவாகரத்துக்கு அப்புறமும் உன் உரிமை உன்கிட்டயே நிக்கும். ஆனா ஒண்ணு. மனு கோர்ட்ல பதிவாகற நிமிஷத்துல அவன் இந்த நாட்டுல இருக்கணும். அவன் முதல்ல எல்லை தாண்டிட்டான்னு வை, அப்புறம் நீ நூறு மனு போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி" என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமை காலையிலதான் கோர்ட்ல எனக்கு நேரம் கிடைக்கும். கல்யாணச் சான்றிதழ் வேணும். அசல். இருக்கா?"

எங்கே இருக்கும்? அவன் தோள்பையில்தான்.

"இன்னொண்ணு" என்றாள் எம்பார். "அவன் அன்னிக்கு இங்க இருந்தான்னு காட்ட ஏதாவது வேணும். முன்னாடியே போயிட்டேன்னு அவன் சொல்லக்கூடியவன் மாதிரி தெரியுது. இந்த எல்லைகள்ல யாரும் முத்திரை குத்தறதில்ல. அவன் கையாலயே ஏதாவது எழுதி வாங்குங்க."

வெளியே வந்ததும் ரைசா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

"எனக்கு வேற வழி இருந்தா அவரை விட்டுப் போயிருக்க மாட்டேன். அதை நினைச்சாதான் எனக்கே அசிங்கமா இருக்கு."

அன்றும் மறுநாளும் நாங்கள் மூவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். வியாழக்கிழமை நெகுலாய் ரைசாவுக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தான். உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது, முழங்காலுக்குக் கீழே வரும். காஸ்தெயோனில் ஜனவரியில்கூட அப்படி ஒன்று தேவைப்படாது. எங்கள் ஊர்ப் பனிக்குப் போடுகிற கோட்டு அது.

"போட்டுப் பாரு" என்றான்.

அவள் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து போய் மேல் பட்டன்வரை தன் கையால் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தான். "சரியா இருக்கு. குளிருக்கு ஆகும்."

"இங்க என்ன குளிரு?" என்றாள் அவள்.

"வரும்" என்றான்.

ரைசா நன்றி சொல்லி, கோட்டைக் கழற்றி, மடித்து நாற்காலியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவன் குளிக்கப் போனான். தோள்பை கதவுக்கொக்கியில் தொங்கியது. அவன் பையை விட்டு விலகியிருப்பது அந்த ஏழெட்டு நிமிஷம்தான். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜிப்பைத் திறந்தேன். காகிதங்களை அவன் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு உறைமேலும் எழுதி வைத்திருந்தான். 'திருமணம்' என்ற உறை மூன்றாவது. உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு வெற்று உறையை அதே இடத்தில் செருகினேன். ரைசா அதை ஏப்ரனுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள். அவன் வழக்கம்போல கார்டை எடுத்துக் கொடுத்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான்.

நான் உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு அவன் பெட்டிகளை ஹாலில் கொண்டுவந்து வைத்துவிட்டான். ஊருக்கு ஆள் ஏற்றும் மித்ருட்ஸின் வேன் பன்னிரண்டரைக்கு வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் அவனுக்கு ரயில் நிலையத்துப் பக்கம் போய்க் காத்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

"உக்காரு தம்பி. ரெண்டு நாள் பயணம். சாப்பிட்டுப் போ. சித்தி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

உட்கார்ந்தான். புளிப்புச் சூப் வைத்தேன், சோளக்களி வைத்தேன், மேலே தயிர்ப்பாலாடை. அவன் மெதுவாகத்தான் சாப்பிடுவான். அன்றைக்கு இன்னும் மெதுவாகச் சாப்பிட மாட்டானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் போன் அடுப்புப் பக்கம் கவிழ்த்து வைத்திருந்தது.

"என்ன அக்கா, என்னையே பாக்கறே?"

"இனிமே எப்ப பாக்கப் போறேனோ."

சிரித்தான். "ரைசா காலையில ஒண்ணும் சொல்லலயா?"

"என்ன சொல்லுவா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு அவ தலைமுடியைக் கட்டிட்டுப் போன விதம் வேற மாதிரி இருந்துச்சு. அவ கிடங்குக்கு அப்படிக் கட்டிட்டுப் போக மாட்டா." கரண்டியைக் கீழே வைத்தான். ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் எழுந்து இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன். வழிந்து மேஜையில் கொட்டியது. துணி எடுத்துத் துடைத்தேன். அந்த நேரத்தில் போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சாவியைக் கொடுத்துடு" என்றேன். "வீட்டுக்காரன்கிட்ட நான் கணக்குச் சொல்லணும். சாவியைக் கொடுத்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடு."

இந்த மாதிரி விஷயம் அவனுக்குப் பிடிக்கும். பேனாவை எடுத்தான். அவனுடைய நேர்த்தியான கையெழுத்தில் எழுதினான்: இன்று வீட்டுச் சாவி இரண்டையும் ஸ்டெலியானாவிடம் ஒப்படைத்தேன். காஸ்தெயோன், அக்டோபர் 17. கையெழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் 12.05 என்று எழுதினான். நான் அதை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கத் தோள்பையைத் திறந்தான். உறைகளை விரலால் தள்ளிக்கொண்டே போனவன் ஒன்றில் நின்றான். அதை எடுத்து, இரண்டு பக்கமும் விரித்து, உள்ளே பார்த்தான்.

"அக்கா."

"என்ன?"

"உன் போனைப் பாரு. ஏதோ வந்துச்சே."

நான் அசையவில்லை. அவனே எழுந்து போய் போனைத் திருப்பினான். திரையில் ரைசாவிடமிருந்து ஒரே வரி. முடிஞ்சது, 11.40.

நெகுலாய் போனைக் கவிழ்த்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தான். அவன் என்னை அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. தன் தட்டை எடுத்துப் போய்க் கழுவினான். துடைத்தான். அலமாரியில் வைத்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"எப்ப இருந்து அவ உனக்குச் சொந்தமானா?"

தோள்பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றான். கீழே வேன் ஹாரன் அடித்தது. இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அன்று சாயந்திரம் சித்திக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண் போனைக் காதில் வைத்தாள். சித்திக்கு வாய் ஒரு பக்கம் கோணியதால் வார்த்தை குழறியது.

"அவ... வருவாளா?"

"வரமாட்டா சித்தி."

"அப்போ... நீ?"

சீசன் முடியட்டும், வருகிறேன் என்றேன். நான் போகமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எம்பார் நினைத்ததுதான் நடந்தது. டிசம்பரில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ரைசாவுக்குக் கடிதம் வந்தது. கணவர் அக்டோபர் பதினைந்தாம் தேதியே நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டதாக ஊரிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறார், உங்கள் பதில் என்ன என்று. மித்ருட்ஸிடம் போய்க் கேட்டேன்.

"நீதானே அவனை ஏத்திட்டுப் போனே, எந்தத் தேதின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடேன்."

"ஐயோ, என்னை விட்டுடு அக்கா" என்றான். "அவங்க ஊர்லதான் என் வண்டி நிக்குது. நாளைக்கு டயரைக் கிழிச்சா நீயா வந்து மாட்டுவே?"

கடைசியில் நான்தான் போனேன். அதிகாரி முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு அவன் பன்னிரண்டரை வரை என் வீட்டில் இருந்தான், சாப்பிட்டான், சாவி கொடுத்தான் என்று வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் எழுதின சீட்டையும் எம்பார் வைத்தாள். அதிகாரி அந்த 12.05-ஐ விரலால் தொட்டுப் பார்த்து, "மணி வேற எழுதியிருக்கார்" என்றார்.

நான் சொன்னது இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரியில் சித்தி செத்துப்போனாள். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் இருந்ததாகச் சொன்னார்கள். என் அண்ணன் போனில் ஒரே வாக்கியம்தான் பேசினான். "நீ வர வேணாம்." என் அப்பா சாவுக்குக் காகிதம் இல்லாததால் போகவில்லை. இப்போது பையில் பாஸ்போர்ட் இருந்தது.

மே மாதம் ரைசாவுக்குப் புதுக் கார்டு வந்தது. யாருடைய குடும்ப உறுப்பினர் என்றும் அதில் இல்லை. அவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே வடக்கே ஒரு ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் எதிர்பார்த்த அளவுக்கு இறுக்கமாக இல்லை. அந்தப் பத்து நாளை அவள் மறக்கவில்லை, நானும் மறக்கச் சொல்லவில்லை. ஊர்ப் பெயரை எம்பாருக்கும் எனக்கும் மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, சந்தையில் மீன் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் கூடையைப் பிடித்தார்கள்.

"கனமா இருக்கே. நான் தூக்கறேன் அக்கா."

நெகுலாய். இளைத்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பழைய தொழிற்சாலையிலேயே வேலை என்றான். உன் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அறை எடுத்திருக்கிறேன் என்றான். அவனை யார் தடுப்பது? ஐரோப்பியக் குடிமகன். எந்தக் கதவில் நின்றும் அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"சித்தி போனதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடு." கூடையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். "ரைசா எந்த ஊர்ல இருக்கா?"

"தெரியாது."

தலையாட்டினான், நான் வேறு எதுவும் சொல்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போல. "பரவாயில்ல. நான் இனிமே இங்கதானே இருக்கப் போறேன்."

வீட்டு வாசல்வரை கூடையைத் தூக்கி வந்தான். நான் மாடிப்படி ஏறும்போது அவன் கீழேயே நின்றிருந்தான். மூன்றாவது மாடியில் கதவைப் பூட்டியதும் ரைசாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னணியில் யாரோ கிழவர் தண்ணீர் கேட்கும் குரல். அவள் வரேன் தாத்தா, வரேன் என்று அவரிடம் சொன்னாள்.

பிறகு என்னிடம், "அவர் கேட்டா ஊரைச் சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"பத்து நாள் கழிச்சுக்கூட."

"சொல்ல மாட்டேன் ரைசா."

அவள் போனை வைத்த பிறகு ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்தேன். எதிர்ப்பக்கக் காபிக் கடையில், என் வாசலைப் பார்த்த நாற்காலியில் நெகுலாய் உட்கார்ந்திருந்தான். ஒரு சின்ன நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினான்.